ஆரல்வாய்மொழிக் கணவாயில் பழைய காற்றாலை நிலம்: 30 வருட வில்லங்கம் போதுமா?

கேட்டவர்: பூதப்பாண்டி ஜூனியர்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கையில் ஒரு ரீபவரிங் ஃபைல் இருக்கிறது. 1990களில் நிறுத்திய 250 கிலோவாட் காற்றாலைகள் பத்தைக் கழற்றிவிட்டு, பெரிய இயந்திரம் இரண்டு நிறுத்தப் போகிறார்கள். கோபுர உயரம் 120 மீட்டர், இறக்கைச் சுற்றின் விட்டம் 130 மீட்டர். நிலம் பதினைந்து சர்வே எண்களில் கிடக்கிறது. பதினொன்று தோவாளை தாலுகா. நாலு கணவாய்க்கு அந்தப் பக்கம், இராதாபுரம் தாலுகா. பாதி நிலம் பழைய காற்றாலைக்காரர்கள் கிரையம் வாங்கியது. மீதியைப் புதிதாகக் குத்தகைக்கு எடுக்க வேண்டும்.

பேங்க் தந்த செக்லிஸ்டில் 30 வருட வில்லங்கம், பட்டா, மூலப்பத்திரம் என்று மூன்றே வரி. ஆனால் மூலப்பத்திரங்களில் சில மலையாளத்தில் இருக்கின்றன, தேதி கொல்லம் ஆண்டில் (பழைய மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கிறது. எவ்வளவு பின்னால் போக வேண்டும்? குத்தகையை எத்தனை வருடத்துக்கு எழுதுவது? இறக்கை பக்கத்து நிலத்துக்கு மேலே சுற்றினால் அந்த நிலக்காரரிடம் என்ன எழுதி வாங்குவது? சப்ஸ்டேஷனுக்குப் போகிற 33 கேவி, 110 கேவி (கிலோவோல்ட்) லைனுக்குத் தனியாகப் பத்திரம் வேண்டுமா? இதே கட்சிக்காரர் பாலக்காடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சோலாருக்கும் நிலம் பார்க்கிறார். அங்கேயும் இதே செக்லிஸ்ட் ஓடுமா?

பதில்: பழம்பத்திரம்

30 வருட வில்லங்கம் பேங்குக்குப் போதும், உங்கள் கையெழுத்துக்குப் போதாது. முதல் வேலையாக அந்தப் பதினைந்து சர்வே எண்களையும் இரண்டு கட்டாகப் பிரியுங்கள். 1956 நவம்பர் 1க்கு முன்னால் தோவாளை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, இராதாபுரம் மதராஸில் இருந்தது. இன்றைக்கு இரண்டுக்கும் பட்டா ஒரே மாதிரித் தாளில் வருகிறது. அதை நம்பி ஒரே ரிப்போர்ட்டில் போட்டுக் குழப்பாதீர்கள். வேர் வேறு, நோயும் வேறு.

தோவாளைக் கட்டை முதலில் எடுங்கள். அந்தக் காலப் பத்திரத்தில் கிராமத்துக்குப் ‘பகுதி’ என்று போட்டிருக்கும். பட்டா எண் இருக்க வேண்டிய இடத்தில் தண்டப்பேர் எண் இருக்கும். பழைய சர்வே எண்தான் வரும், இன்றைய பட்டாவிலோ ரீசர்வே எண். இரண்டையும் பொருத்துகிற ஒப்புமை அட்டவணையைத் தாலுகா ஆபீசில் நகல் கேட்டு வாங்கி ரிப்போர்ட்டோடு சேருங்கள். ‘இதுவே அது’ என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்த கடிதம் மட்டும் வைத்தால் எதிர்க்கட்சி வக்கீல் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். பரப்பளவு ‘இத்தனை மரக்கால் விதைப்பாடு’, அதாவது இத்தனை மரக்கால் விதை விதைக்கும் நிலம் என்று இருந்தால் நீங்களாக ஏக்கருக்கு மாற்றாதீர்கள். விதைப்பாடு ஊருக்கு ஊர் மாறும். நான்கு எல்லையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

அடுத்து, அந்த நிலம் எந்த வகையில் வந்தது என்று பாருங்கள். ஸ்ரீபண்டாரவகை என்றால் பத்மநாபசுவாமி கோயிலைச் சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த வகையை 1964இல் தனிச்சட்டம் போட்டு ஒழித்து ரயத்துவாரி (அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் பட்டா நிலம்) ஆக்கினார்கள். ஜென்மிகரம் (ஜென்மி என்ற பரம்பரை நில உடைமையாளருக்குக் கட்டும் தொகை) கட்டிய நிலங்களுக்கும் அதே ஆண்டில் இன்னொரு சட்டம். ஆகவே பத்திரத்தில் இந்தச் சொற்களைக் கண்டால் பயந்து ஃபைலைத் திருப்ப வேண்டாம். அதற்குப் பின் நடந்த செட்டில்மெண்டில் யார் பேருக்குப் பட்டா ஆனது என்ற உத்தரவு நகலைக் கேளுங்கள். கிரையம் கொடுத்தவருடைய பத்திரச் சங்கிலி அந்தப் பேரில் போய் முட்ட வேண்டும். புதுவல் பதிவு என்றால் அரசு நிலம் பதிந்து கொடுத்தது, என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்பதைப் படிக்க வேண்டும். குத்தகப்பாட்டம் என்றால் அது அரசு கொடுத்த குத்தகை, உரிமை இல்லை. மூன்று தலைமுறை அனுபவம் இருந்தாலும் குத்தகப்பாட்டம் கிரையமாகாது. இதைக் கோட்டைவிட்ட ரிப்போர்ட்டுகள் நிறைய.

கோயில் நிலம் என்றால் அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவு. விற்பனை, அடமானம், பரிவர்த்தனை, 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது. காற்றாலைக்கு 5 வருடக் குத்தகை எதற்கும் உதவாது, ஆகவே அனுமதி இல்லையென்றால் அந்த சர்வே எண்ணை வரைபடத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

வாரிசுரிமைதான் இந்தப் பக்கத்தின் பெரிய பள்ளம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி, அதாவது சொத்து சகோதரி மக்களுக்குப் போகும் முறை இருந்தது. கொல்லம் 1101ஆம் ஆண்டு நாஞ்சிநாட்டு வேளாளர் சட்டம் வந்து அதை மாற்றியது. அதற்கு முன்பிருந்த சொத்தானால் ‘தகப்பன் சொத்து மகனுக்கு’ என்று சாதாரணமாக எழுதக்கூடாது. உகந்துடைமை என்ற சொல் வந்தால், மருமக்கள் வழிக் குடும்பத்தில் மனைவி மக்களுக்கு ஒதுக்கிய பங்கு அது என்று புரிந்துகொள்ளுங்கள். காரணவர் (குடும்பத் தலைவர்) தனியாகக் கையெழுத்திட்டு விற்றிருந்தால் மற்றவர் சம்மதம் இருக்கிறதா, குடும்பத் தேவைக்கு விற்றதாகக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒற்றியையும் விடாதீர்கள். நிலத்தை ஒற்றி வைத்து அனுபவத்தை விட்டுக்கொடுத்த பழைய பத்திரங்கள் இங்கே ஏராளம். ‘30 வருடம் போச்சு, மீட்க முடியாது’ என்று முன்பு எழுதிவிடுவார்கள். சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: அனுபவ ஒற்றியில் காலக்கெடு ஒற்றித் தேதியிலிருந்து ஓடாது. ஆகவே மீட்புப் பத்திரம் கண்ணில் படாத ஒற்றி எத்தனை பழையதானாலும் உயிரோடுதான் இருக்கிறது. ஒற்றிக்காரர் வழியில் கிரையம் வந்திருந்தால் அந்தச் சங்கிலியே ஓட்டை.

இராதாபுரம் நாலு எண்களுக்கு மருந்து வேறு. யுடிஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய பதிவேட்டையும் பிந்தைய ‘அ’ பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் பத்திரமில்லாமல் பேர் மாறியிருந்தால் அது உரிமையில்லை, எழுத்துப் பிழை. மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்த மனு போட வேண்டும். 1892 அரசாணைப்படி கொடுத்த பஞ்சமி நிலமா, பூதான இயக்கத்துக்குத் தானமாக வந்த நிலமா என்பதையும் அந்தப் பழைய பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில்தான் கண்டுபிடிக்க முடியும், கணினிப் பட்டாவில் தெரியாது. பஞ்சமி என்றால் முதல் 10 வருடம் யாருக்கும் விற்க முடியாது, அதற்குப் பிறகும் பட்டியல் சாதியாருக்கு மட்டுமே. கம்பெனி பேருக்கு ஏறியிருந்தால் ஏறினது இறங்க வேண்டியதுதான்.

இணையத்தில் வில்லங்கம் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவகத்தில் கைத்தேடுதல் போடுங்கள். எல்லை மாறி வேறு அலுவலகத்துக்குப் போன கிராமமா என்று கேட்டு, பழைய அலுவலகத்திலும் ஒரு மனு. தேடுதல் ‘இல்லை’ என்று வருவதில் பாதி, தப்பான அலுவலகத்தில் தேடியதால் வருவது.

பூதப்பாண்டி ஜூனியர்

நன்றி அண்ணாச்சி. இரண்டு எண்கள் கிறிஸ்தவக் குடும்பம். 1972இல் பாகப்பிரிவினை, ஆண் மக்கள் மூன்று பேர் மட்டும் கையெழுத்து. மகள்கள் இரண்டு பேருக்கு அப்போதே நகை போட்டு அனுப்பிவிட்டார்கள் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பழம்பத்திரம்

விடக்கூடாது. பாகப்பிரிவினைத் தேதியைப் பார்க்காதீர்கள், தகப்பனார் இறந்த தேதியைப் பாருங்கள். 1951 ஏப்ரல் 1க்கு முன் உயில் எழுதாமல் இறந்திருந்தால் கொல்லம் 1092ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம்: மகளுக்கு ஸ்ரீதனம் மட்டும், மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அந்தத் தேதிக்குப் பின் இறந்திருந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் இதை 1951இலிருந்தே பொருந்தும் என்று சொன்னது. 1972க்கும் 1986க்கும் நடுவில் ஊரே மகள்களை விட்டுத்தான் பாகம் பண்ணியது. அதனால் பத்திரம் ஒழுங்காகத் தெரியும், சட்டத்தில் ஓட்டை இருக்கும்.

நகை போட்டது பங்கைத் தீர்க்காது. மகள்களிடமோ அவர்களுடைய வாரிசுகளிடமோ பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். அவர்கள் பெருந்தொகை கேட்டால் விடுதலைக்கு மல்லுக்கட்டாமல் குத்தகைப் பத்திரத்தில் சம்மதக் கட்சியாகச் சேர்த்து, வாடகையில் பங்கு எழுதிவிடலாம். காற்றாலைக்காரருக்கு வேண்டியது நிலம் முழுதாக அல்ல, இடையூறு இல்லாத அனுபவம்.

பதில்: எல்லைக்கல்

அண்ணாச்சி சங்கிலியைச் சொல்லிவிட்டார், நான் தரையைச் சொல்கிறேன்.

இறக்கை விட்டம் 130 என்றால் ஆரம் 65 மீட்டர். காற்றுத் திசை மாற மாற இயந்திரம் திரும்பும், ஆகவே 65 மீட்டர் ஆரமுள்ள முழு வட்டமும் இறக்கைக்குக் கீழே வரும். கணக்கு: சுமார் 13,270 சதுர மீட்டர், அதாவது 3 ஏக்கர் 28 சென்ட். பழைய 250 கிலோவாட் இயந்திரத்துக்காக வாங்கிய துண்டுகள் அந்த அளவுக்குப் போதியவை, இந்த வட்டம் அதற்குள் அடங்காது. வட்டத்தின் ஓரம் இரண்டு மூன்று பேருடைய விளைக்கு மேலே போகும். நிலத்துக்கு உரியவனுக்கு மேலே உள்ள வெளியிலும் உரிமை உண்டு, அதனால் சும்மா விடமாட்டார்கள், விடவும் வேண்டியதில்லை. இதற்குக் கிரையமோ முழுக் குத்தகையோ தேவையில்லை. ‘தரையிலிருந்து இத்தனை மீட்டருக்கு மேல் இறக்கை கடந்து செல்லும் உரிமை’ என்று வசதியுரிமை (அடுத்தவர் நிலத்தைக் குறிப்பிட்ட காரியத்துக்குப் பயன்படுத்தும் உரிமை) பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். மேற்படி நிலத்தில் 15 மீட்டருக்கு மேல் கட்டடமோ மரமோ வராது என்ற எதிர்மறை உறுதியையும் அதிலேயே சேருங்கள். இறக்கையின் கீழ்நுனி 120இல் 65 போக 55 மீட்டர் உயரத்தில் போகும், ஆகவே கீழே விவசாயத்துக்குத் தொந்தரவு இல்லை என்பதைப் பக்கத்துக்காரருக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினால் பாதிப் பேச்சு அங்கேயே முடியும்.

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதல்படி பொதுச்சாலை, ரயில் பாதை, உயரழுத்த மின்பாதை இவற்றிலிருந்து கோபுர உயரம் கூட்டல் பாதி விட்டம் கூட்டல் 5 மீட்டர் தள்ள வேண்டும். 120, 65, 5: மொத்தம் 190 மீட்டர். குடியிருப்பிலிருந்து 500 மீட்டர். ஆரல்வாய்மொழியில் தேசிய நெடுஞ்சாலையும் ரயிலும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. டைட்டில் சுத்தமாக இருந்தும் இந்த 190இல் தட்டிப்போகிற இடங்கள் உண்டு. ஆகவே முதலில் வட்டத்தை வரையுங்கள், அப்புறம் பத்திரத்தைப் படியுங்கள். இல்லையென்றால் வேண்டாத நிலத்துக்கு நீங்கள் மூன்று மாதம் தேடுதல் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) டிஜிபிஎஸ் அளவையும் (செயற்கைக்கோள் வழி நில அளவை) ஒன்றன்மேல் ஒன்று போடச் சொல்லுங்கள். அடித்தளக் குழி சுமார் 20 மீட்டர் அகலம் வரும். அதன் ஓரம் ஓடைப் புறம்போக்கில் இரண்டு மீட்டர் ஏறியிருப்பதைப் பட்டா காட்டாது, புலப்படம்தான் காட்டும். பொத்தை (சிறு குன்று) அடிவாரத்து எண்களுக்கு வனத்துறையிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்: அறிவிக்கை செய்த தனியார் காடா, கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலய எல்லைக்கு எவ்வளவு தூரம், மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையக் கிராமப் பட்டியலில் இருக்கிறதா என்று மூன்று கேள்வி. தனியார் காடு என்றால் விற்கவும் குத்தகைக்கு விடவும் 1949 சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

இன்னொன்று, பாதை. 1990களில் துண்டு துண்டாக விற்றபோது இயந்திரம் நிற்கிற இடத்தை மட்டும் கிரையம் எழுதினார்கள், வண்டிப்பாதையை ‘நடைமுறைப்படி’ விட்டுவிட்டார்கள். இப்போது 60 மீட்டருக்கு மேல் நீளமான இறக்கை வர வேண்டும். பத்திரத்தில் பாதையின் அகலம் மீட்டரில், வளைவுகளில் தற்காலிகக் கூடுதல் அகலம், கிரேன் நிற்கும் இடம், மழைநீர்க் குழாய் போடும் உரிமை நான்கும் இருக்க வேண்டும். 20 வருடம் நடந்த வழி என்று வசதியுரிமை கோரலாம், ஆனால் மாட்டு வண்டி போன வழியில் 20 வருடம் நடந்தது இறக்கை லாரிக்குப் பேசாது.

பதில்: குத்தகைக் கணக்கு

குத்தகைக் காலம்: 30 வருடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 30க்குக் கீழ் முத்திரைத்தீர்வை மொத்த வாடகையில் 1 சதவீதம், 30க்கு மேல் 99 வரை 4 சதவீதம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 20,000 ரூபாய். 5 ஏக்கர், வருடம் 2 லட்சம் வாடகை என்று வையுங்கள். 29 வருடத்துக்கு 58 லட்சம், தீர்வை 58,000. அதையே 31 வருடம் என்று எழுதினால் 62 லட்சத்துக்கு 2,48,000. இரண்டே வருடத்துக்கு இத்தனை வித்தியாசம். மின் விற்பனை ஒப்பந்தம் 25 வருடம், கட்ட 2, கழற்ற 1 என்று கூட்டினால் 28இல் முடிந்துவிடும். ஏறுவாடகை இருந்தால் ஆண்டுவாரியாகக் கூட்டிய பட்டியலைப் பத்திரத்திலேயே இணையுங்கள், சார்பதிவாளர் தனியாகக் கணக்குப் போட மாட்டார். புதுப்பிப்பதைக் குத்தகைதாரர் இஷ்டம் என்று எழுதினால் மொத்தக் காலத்தையும் கூட்டிக் கேட்க இடம் கொடுக்கிறீர்கள். இரு தரப்பும் அப்போது பேசி எழுதும் புதுக் குத்தகை என்று விடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் பதிவாக வேண்டும், அது தெரிந்ததே.

பேங்குக்கு வேண்டியது மூன்று வாசகம். ஒன்று, குத்தகை உரிமையை அடமானம் வைக்க நிலக்காரர் இப்போதே சம்மதம். இரண்டு, வாடகை பாக்கி என்று ரத்து செய்யும் முன் பேங்குக்கும் நோட்டீஸ், சரிசெய்ய அவகாசம். மூன்று, பேங்க் சொல்லும் வேறு கம்பெனியைக் குத்தகைதாரராக ஏற்பது. மூன்றும் இல்லாத குத்தகைக்குக் கடன் வராது, அப்புறம் நிலக்காரரிடம் திரும்பப் போய்த் திருத்தல் பத்திரம் கேட்டால் அவர் விலை ஏற்றுவார்.

நிலக்காரர் தரப்புக்காகவும் ஒரு வார்த்தை. இயந்திரத்தைக் கழற்றுவார்கள், கான்கிரீட்டைப் புதைத்துவிட்டுப் போவார்கள். ‘தரைமட்டத்துக்குக் கீழ் 1 மீட்டர் வரை அடித்தளத்தை உடைத்து எடுத்து மண் நிரப்ப வேண்டும், அதற்கு வங்கி உத்தரவாதம்’ என்று எழுதாவிட்டால் அந்த இடத்தில் இனி உழவு இல்லை. பழைய பத்துக்கும் இப்போதே இந்தக் கேள்வி வரும்: கழற்றுகிறவர் யார், பழைய உரிமையாளரா, புதியவரா? யாருடைய செலவு என்று எழுதாமல் விட்ட பத்திரம்தான் பின்னால் வழக்காகும்.

கிரைய நிலத்துக்கு உச்சவரம்பு. நிலச் சீர்திருத்தச் சட்டப்படி கம்பெனிக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர். புஞ்சைக்குத் தீர்வையைப் பொறுத்து ஸ்டாண்டர்டு ஏக்கர் பெரிதாகும், எனவே 15 என்று கேட்டதும் பதற வேண்டாம், கணக்குப் போடுங்கள். தாண்டினால் அதே சட்டத்தின் 37-அ பிரிவில் அரசு அனுமதி. பழைய காற்றாலைகளை வாங்கி ஒரே கம்பெனி பேரில் சேர்க்கும்போது இந்த வரம்பு எதிர்பாராமல் இடிக்கும். அடங்கலில் (கிராமச் சாகுபடிப் பதிவேடு) சாகுபடி செய்கிறவர் வேறு பேர் என்றால் 1969 சட்டப்படி பதிவான குத்தகைதாரரா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

பதில்: கம்பிவழி

லைன் கேள்விக்கு. 33 கேவியையும் 110 கேவியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தனியார் உற்பத்தியாளர் போடும் லைனுக்கு நிலக்காரர் மறுத்தால் கம்பி இழுக்கும் அதிகாரம் தானாக வந்துவிடாது. மின்சாரச் சட்டம் 164ஆம் பிரிவில் அரசு உத்தரவு போட்டால்தான் 1885 தந்திச் சட்டத்து அதிகாரம் கிடைக்கும். அந்த உத்தரவு இருந்தால் மறுக்கும் நிலத்துக்கு 16(1)இன்படி மாவட்ட ஆட்சியரிடம் போகலாம், இழப்பீடு குறைவு என்றால் நிலக்காரர் 16(3)இன்படி மாவட்ட நீதிமன்றம் போவார். யாருக்குக் கொடுப்பது என்பதே தகராறானால் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். மேலே சொன்ன மகள்-மகன் சிக்கலில் இது கைகொடுக்கும். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்ததும் 1885 சட்டம் போச்சே என்று ஒருவர் வாதாடுவார். 164இன் கீழ் போடும் மின்பாதைக்கு அந்தப் பகுதியைப் புதுச்சட்டமே காப்பாற்றி வைத்திருக்கிறது.

164 உத்தரவு இல்லையென்றால் ஒவ்வொரு நிலக்காரரிடமும் சம்மதம்தான். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி ஃபைலில் போடுகிறார்கள், நிலம் கைமாறியதும் அது காகிதம். பதிவு செய்த வசதியுரிமையாக வாங்குங்கள். கம்பத்தின் இடம், தாழ்வாரத்தின் (கம்பிக்குக் கீழே விட வேண்டிய நிலப்பட்டை) அகலம், பராமரிப்புக்கு உள்ளே வரும் உரிமை, மரம் வெட்டினால் யாருக்கு மரம் என்பது வரை எழுதுங்கள்.

தாழ்வார அகலம் 33 கேவிக்கு 15 மீட்டர், 110 கேவிக்கு 22 மீட்டர். மத்திய மின் அமைச்சகத்தின் 2024 ஜூன் வழிகாட்டுதலில் கோபுர அடிக்கு நிலமதிப்பின் 200 சதவீதம், தாழ்வாரத்துக்கு 30 சதவீதம். 2015இல் இது 85, 15 ஆக இருந்தது. இது 66 கேவியும் அதற்கு மேலும் உள்ள கோபுர லைனுக்குத்தான். உங்கள் 33 கேவிக்குப் பொருந்தாது, அங்கே பேசி முடிக்கும் தொகைதான். மாநில அரசு எந்த அளவுக்கு ஏற்று உத்தரவிட்டிருக்கிறது என்பதையும் அன்றைய தேதிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், மத்திய வழிகாட்டுதல் தானாகக் கட்டுப்படுத்தாது.

ஒரு கணக்கு. 110 கேவி லைன் ஒருவர் நிலத்தில் 150 மீட்டர் ஓடுகிறது. 150 பெருக்கல் 22 என்றால் 3,300 சதுர மீட்டர், ஏறக்குறைய 81.5 சென்ட். சென்ட் 20,000 ரூபாய் என்று வைத்தால் 16.3 லட்சம், அதில் 30 சதவீதம் 4.89 லட்சம். கோபுரக் கால்களுக்கு நடுவே 6 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 1 மீட்டர் கூட்டி 8க்கு 8, 64 சதுர மீட்டர், 1.58 சென்ட், அதற்கு இரட்டிப்பு மதிப்பு சுமார் 63,000. ‘கோபுரம் வந்தால்தான் பணம்’ என்று ஊரில் நினைக்கிறார்கள். கம்பிக்குக் கீழே கிடப்பதுதான் பெரிய தொகை.

பதில்: கொழிஞ்சாம்பாறை

எங்கள் பக்கம் அந்தச் செக்லிஸ்ட் ஓடாது. முதலில் ஒரு சொல். கேரள அடிப்படை வரிப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று இருந்தால் அது நெல்வயல். ‘புரையிடம்’ என்று இருப்பதுதான் மேட்டு நிலம். தமிழ்நாட்டு வக்கீல்கள் ‘நிலம், 3 ஏக்கர்’ என்று படித்துவிட்டு நல்லது என்று டிக் அடிக்கிறார்கள். 2008 நெல்வயல் சட்டத்தின் தரவு வங்கியில் (நெல்வயல்களின் அரசுப் பட்டியல்) ஏறியிருந்தால் அங்கே பேனல் நிறுத்த முடியாது. புரையிடம் என்று எழுதியிருந்தும் தரவு வங்கியில் ஏறின துண்டுகள் உண்டு, ஆகவே இரண்டையும் பாருங்கள். இதே சொற்கள் உங்கள் தோவாளைத் திருவிதாங்கூர் பத்திரத்திலும் வரும், அங்கேயும் எச்சரிக்கை.

எங்களுக்கும் இரண்டு வேர். கொழிஞ்சாம்பாறை இருக்கிற சித்தூர் தாலுகா பழைய கொச்சி. பாலக்காடு தாலுகா மலபார், அதாவது மதராஸ். குடியானவர் அனுபவித்த நிலத்தில் ஜென்மியின் உரிமை 1970 ஜனவரி 1இல் அரசுக்குப் போனது. நிலத் தீர்ப்பாயம் 72-கே பிரிவில் கொடுத்த கிரயச் சான்றிதழ்தான் உரிமைக்கு முடிவான சான்று. அதற்குப் பின்னால் ஜென்மி வழியில் வந்த கிரையம் இருந்தால் நிறுத்துங்கள்.

கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் 74ஆம் பிரிவு புதுக் குத்தகையையே தடுக்கிறது. தொழில், வணிகத்துக்கென்று குறிப்பிட்டு விடும் குத்தகைக்குத்தான் விலக்கு. ஆகவே ‘மேற்படி நிலத்தைக் குத்தகைக்கு விட்டேன்’ என்ற தமிழ்நாட்டு மாதிரிப் பத்திரத்தை அப்படியே மலையாளத்தில் பெயர்த்தால் செல்லாத பத்திரம். சூரிய மின் உற்பத்தி என்ற வணிகக் காரணத்துக்காகவே விடப்படுகிறது என்று முதல் பத்தியிலேயே வர வேண்டும்.

கிரையம் என்றால் கம்பெனிக்கு உச்சம் 15 ஏக்கர். சோலாருக்கு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் என்றால் 3 மெகாவாட்டோடு நின்றுவிடும். தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் போன்றவை தோட்டம் என்று வரம்பிலிருந்து விலக்கு. தென்னந்தோப்பு அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் ஊரில் எல்லாமே தென்னை, அதனால் தோட்டக் கணக்கு சொல்லி யாராவது பெரிய பரப்பு காட்டினால் நம்ப வேண்டாம். விலக்குப் பெற்ற தோட்டத்தையே வேறு காரியத்துக்கு மாற்றினாலும் 87ஆம் பிரிவில் மிகைநிலமாகிவிடும். அட்டப்பாடிப் பக்கம் போனால் பழங்குடியினர் நிலச் சட்டங்கள், 1975, 1999. அது தனி ஃபைல், இதோடு கலக்காதீர்கள்.

வாரிசில் ஒரு வித்தியாசம்: கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக்குடும்பமே சட்டப்படி இல்லை. பிறப்பால் மகனுக்கு வரும் உரிமை அங்கே நின்றது, கன்னியாகுமரியில் நிற்கவில்லை. ஒரே குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் சொத்து இருந்தால் ஒரே வாரிசுப் பட்டியல் வைத்து இரண்டுக்கும் எழுதாதீர்கள். காகிதத்தில் கேட்க வேண்டியது: தண்டப்பேர் நகல், நடப்பு ஆண்டுக் கரம் ரசீது, கைவசச் சான்றிதழ், இருப்பிட வரைபடம். கைவசச் சான்றிதழ் கைவசத்துக்கு மட்டும்தான்.

பூதப்பாண்டி ஜூனியர்

எல்லோருக்கும் நன்றி. வட்டம் வரையச் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: ஒரு பத்திரத்தில் ‘1112 கும்பம் 9’ என்று இருக்கிறது. 824 கூட்டி 1936 என்று ரிப்போர்ட்டில் போட்டேன், சரிதானே?

பழம்பத்திரம்

இல்லை. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825. கும்பம் என்றால் மாசி, ஆகவே 1937 பிப்ரவரி. நகல் மனுவில் 1936 என்று போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றி எழுதிக் கொடுங்கள். ஆண்டு தவறின மனுவுக்குச் சார்பதிவகம் ‘பதிவு இல்லை’ என்று திருப்பிவிடும், நீங்கள் பத்திரம் போலி என்று நினைத்துவிடுவீர்கள்.